பச்சைத் திரையில் சிவப்புப் படகு

மாட்டுங்காவில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் கால் வைத்தால், தரையின் சில்லிப்பு உள்ளங்காலில் ஏறி முழங்கால் வரைக்கும் வரும். தாராவியில் தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த எனக்கு அதுவே பாதி சொர்க்கம். மீதிப் பாதி, மூலையில் இருந்த ஒரே ஒரு கலர் மிஷின்.

என்னை அங்கே சேர்த்துவிட்டது 'காக்கா'. அண்ணனை எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். வாப்பாவின் தோல்பைப் பட்டறையில் பசை நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தவர், "புள்ள படிக்கட்டும்" என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்றார். அவருக்குத் துபாய் விசா வந்ததும், போவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று ஒரு விளையாட்டை எழுத ஆரம்பித்தேன். 'ஸ்கிரீன் ஒன்' என்று கட்டளை கொடுத்தால் மிஷின் படம் போடும் முறைக்கு மாறும். மொத்தமே நாலு நிறம். பின்னணியை மட்டும் நாம் தேர்ந்துகொள்ளலாம், மற்ற மூன்றும் அது கொடுப்பதுதான். நீலக் கடல், பழுப்புப் பாறை, பச்சைக் கரை, சிவப்புப் படகு. பாறையில் இடிக்காமல் படகைத் துபாய்க் கரை சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு.

விமானம் ஏறும் நாளன்று மத்தியானம், பெட்டி கட்டுகிற வேலையைப் போட்டுவிட்டுக் காக்கா என்னோடு வந்தார். மூலை காலியாக இருந்தது. கலர் மிஷின் ரிப்பேருக்குப் போய்விட்டதாம், சார் சொன்னார். மிச்சம் இருந்ததெல்லாம் பச்சைத் திரை மிஷின்கள்; எழுத்தைத் தவிர அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தேதான் ஃபிளாப்பியைச் சொருகினேன். படம் போடும் கட்டளைக்கு வந்ததும் ஒற்றை வரியில் பிழை என்று காட்டிவிட்டு நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே வரி. நான் எழுதியதில் ஒரு தப்பும் இல்லை என்று காக்காவுக்கு எப்படிப் புரியவைப்பேன்? என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

காக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழாத புள்ள. எது எங்க இருக்குன்னு நீ சொல்லு, நா பாத்துக்கிடுதேன்."

கண்ணாடியில் விரலால் தொட்டுத் தொட்டு, இது கடல், இது பாறை, இதுதான் உங்க படகு என்று சொன்னேன். அந்த ஒற்றை வரியைத் தவிர ஒன்றுமே இல்லாத திரையை உற்றுப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

துபாயிலிருந்து லீவில் அவர் வந்தபோது ஃபிளாப்பியில் மழைக்காலப் பூஞ்சை பிடித்திருந்தது. எந்த மிஷினும் அதைப் படிக்கவில்லை. அவரோ வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எந் தங்கச்சி ஒரு படகு விட்டா, செக்கச்செவேல்னு" என்று நேரில் பார்த்தவர் மாதிரியே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் பரீட்சை, கல்யாணம், பிள்ளைகள். நான் அதைத் திரும்ப எழுதவே இல்லை.

அந்த வகுப்பு இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் போன்களில் எண்ண முடியாத நிறங்கள். காக்காவைத் துபாயிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். அந்த விளையாட்டை ஒரு சாயங்காலத்தில் எழுதிவிடலாம்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார ஆள் வேண்டுமே.