எறும்பக்காவும் பசை அட்டையும்

உள்ளறையிலிருந்து அந்தக் கீச்சொலி கேட்டதும், சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தவளின் கை தராசுமேல் அப்படியே நின்றுவிட்டது.

"எலி மாட்டிக்கிச்சு அண்ணி!" என்று நாத்தனார் துள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "நான் வெச்ச பசை அட்டையில நாலு காலும் ஒட்டிக்கிச்சு. இனி எங்க போகும்?"

கல்லாவில் இருந்த கணவனின் முகம் வெளுத்தது. "வாயை மூடு. மூலைக்கடை பேக்கரிக்கு ஆபீசர் வந்தாச்சு. அடுத்தது நாமதான்."

சுகாதார அதிகாரியைத்தான் சொன்னான். போன முறை அரிசி மூட்டைக்கு அடியில் எலிப்புழுக்கையைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை எலின்னு தெரிஞ்சா கடைக்குப் பூட்டுதான்" என்று சொல்லிப் போனவர் அவர். அந்த மளிகைக் கடையை விட்டால் அந்த மூன்று பேருக்கும் வேறு போக்கிடம் கிடையாது.

"வாளித் தண்ணியில போட்டுக் கதையை முடி" என்றான் தங்கையிடம்.

"வேண்டாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் மனைவி.

"நீ பாத்துக்குவே! உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அவளைப் பற்றித் தெருவுக்கே தெரியும். எறும்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கரை மூட்டையில் எறும்பு ஏறினால், மூட்டையை வெயிலில் வைத்து அவை தாமாக இறங்கிப் போகும்வரை காத்திருப்பாள். "ஏன்க்கா, எறும்பையும் சேத்துதான் எடை போட்டீங்களா?" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு திரும்பி வந்த கதை பலருக்குத் தெரியாது. வயிற்றில் சுமந்த ஒரே பிள்ளை மூச்சு விடாமலே பிறந்தபோது, அவள் பேச்சையே விட்டுவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் வாய் திறக்கவில்லை. புத்த விகாரைக்கு அரிசி கொண்டுபோன கணவன் ஒருநாள் அவளையும் கூட்டிப்போனான். அங்கே பிக்குணிகள் கண்மூடி அமர்ந்து, எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லா உயிர்களும் என்றால் தன் பிள்ளையும்தானே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு நினைப்பில் உடைந்து அழுதாள். பிறகு ஐந்து சீலங்களையும் ஏற்றுக்கொண்டாள். எந்த உயிரையும் கொல்லமாட்டேன் என்பது அதில் ஒன்று. பொய் சொல்லமாட்டேன் என்பது இன்னொன்று.

அந்த இரண்டையும் ஒரு தட்டிலும், குடும்பத்தின் சோற்றை மறு தட்டிலும் வைத்து நிறுக்கும் வேளை வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

உள்ளறையில் மண்டியிட்டாள். எலி தன்னை விடுவிக்க இழுத்து இழுத்துத் தோலையே பிய்த்துக்கொண்டிருந்தது. அதன் தலையைத் துணியால் மூடினாள். சமையல் எண்ணெயை அட்டையில் ஊற்றி, காலுக்கும் பசைக்கும் நடுவே விரலை நுழைத்தாள். துணியோடு சேர்த்து அவள் விரலை அது நறுக்கென்று கடித்தது. "சரிம்மா, சரி. பயப்படாதே" என்றாள். அடுத்த விரல் அதன் வயிற்றில் பட்டது. உப்பிய வயிறு. உள்ளே என்னவோ நெளிந்தது.

விரலை அங்கேயே நிறுத்தினாள்.

"வாங்க சார், வாங்க!" வாசலில் கணவனின் குரல், தேவைக்கு மேல் சத்தமாக.

எலி வீறிட்டது.

"என்ன சத்தம் அது?"

"ஃபேன் சார். எண்ணெய் போடணும்."

"ஃபேன் நின்னுக்கிட்டுல்ல இருக்கு. நின்னுக்கிட்டே கத்துதா?"

"அது உள்ள இருக்கிற ஃபேன் சார்" என்றாள் நாத்தனார்.

"கரண்ட்டே இல்லையேம்மா, ஃபேன் எப்படிச் சுத்தும்?"

நாத்தனார் திரையை விலக்கி உள்ளே பாய்ந்தாள். காதோடு சொன்னாள்: "அண்ணி, கழுத்துல ஒரு அழுத்து அழுத்துங்க. சத்தம் நின்னுடும். நீங்க பொய்யும் சொல்ல வேண்டியதில்லை."

கட்டைவிரல் கழுத்தின்மேல்தான் இருந்தது. ஒரு சின்ன அழுத்தம், அவ்வளவே. கடை பிழைக்கும், புருஷன் தலைநிமிர்ந்து நிற்பான். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? துணிக்குள் ஒரு பொட்டு இதயம் அவள் விரலில் படபடவென்று அடித்தது. விரலை எடுத்துவிட்டாள்.

திரைக்கு வெளியே அதிகாரியின் செருப்புச் சத்தம் வந்து நின்றது. "உள்ள யாரும்மா? எலி இருக்கா, இல்லையா? நீங்களாவது சொல்லுங்க."

திரையின் ஓரமாகக் கணவன் தலையை நீட்டினான். உதடு மட்டும் அசைந்தது: இல்லைன்னு சொல்லு. அவன் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"இருக்கு சார்" என்றாள். "என் கையிலதான் இருக்கு."

அதிகாரி உள்ளே வந்தார். எண்ணெயில் ஊறிய அட்டையையும் ரத்தம் வழியும் விரலையும் துணிக்குள் துடிப்பதையும் பார்த்தார்.

"கடையை மூடுங்க" என்றார் கடைசியில். "கடிச்ச மூட்டையெல்லாம் வெளியே போகணும். சுவத்து ஓட்டை எல்லாத்தையும் சிமென்ட் போட்டு அடைக்கணும். அடைச்சுட்டுக் கூப்பிடுங்க. நான் வந்து பாக்காம கதவு திறக்கக் கூடாது."

"சார், பொழப்பே இதுதான் சார்..."

"இதைத் திங்கிறவங்களும் மனுஷங்கதானே?"

கணவன் மனைவி பக்கம் திரும்பினான். கழுத்து நரம்பு புடைத்தது. "ஒரு வார்த்தை! ஒரே வார்த்தை சொல்லியிருந்தா... ஒரு எலிக்காக என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டியேடி!"

அவள் நிமிரவில்லை. "பின்னங்கால் ஒண்ணு வரமாட்டேங்குதுங்க. வயித்துல குட்டி இருக்கு. இழுத்தா கிழிஞ்சிடும்."

"குடும்பத்தோடவா வந்திருக்கு!" என்று நாத்தனார் பின்வாங்கினாள்.

கணவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வெறுங்கையோடு கிடந்த அன்று பார்த்த முகம் அது. அவன் மெல்ல மண்டியிட்டு அட்டையின் இரு ஓரத்தையும் பிடித்துக்கொண்டான்.

"நான் அசையாம பிடிக்கிறேன். நீ இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊத்து."

கால் விடுபட்டது. நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே ஒரு காலி பிஸ்கட் பெட்டியைக் காலால் தள்ளினாள். "பக்கத்துல விட்டா திரும்பி வந்துடும். ஓடைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் விடுங்க."

அதிகாரி வாசலில் திரும்பினார். "கடிச்ச இடத்தை சோப்புப் போட்டு நல்லாக் கழுவுங்கம்மா. உடனே போய் ஊசியும் போட்டுக்கங்க." படியிறங்கிப் போய்விட்டார்.

கணவன் மேலே சுருண்டிருந்த இரும்புக் கதவின் கொக்கியை எட்டிப் பிடித்தான். தினமும் அவன் அதை இழுத்துவிடுகிற சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் தூக்கிவாரிப்போட்டு எழுந்து திட்டுவார். இன்றைக்கு இருக்கும் ஆத்திரத்துக்குக் கதவே பெயர்ந்து விழப்போகிறது என்று நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டாள்.

அவன் ஒருமுறை திரும்பி, மனைவியின் மடியில் எலியோடு நடுங்கிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தான். பிறகு இரு கைகளாலும் தாங்கி, சத்தமே இல்லாமல் கதவை இறக்கினான்.