ஊசி போடப் போய் கப்பலை விட்ட கதை

2006 கோடையில் ஒரு நாள், சிவகாசி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கப்பலில் போகிறோமே, தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டாமா?

கப்பல் என்றதும் எங்களைப் பெரிய பணக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அப்பா அச்சகங்களுக்கு மை விற்கும் ஏஜென்ட். காலண்டர் சீசனில் நன்றாக விற்றுக் கொடுத்த ஏஜென்டுகளை மை கம்பெனி சிங்கப்பூருக்கு அழைத்துப் போவதாக அறிவித்திருந்தது. அதில் இரண்டு நாள் உல்லாசக் கப்பல் பயணமும் உண்டு. ஒரு ஏஜென்டுக்கு இரண்டு பேர். அப்பா ஆசையாக மூன்று பேருக்குமே பாஸ்போர்ட் எடுத்து வைத்தார். யார் போவது என்று பேச்சு வந்ததும் அம்மா பின்வாங்கிவிட்டார்.

"கடலத்தான் திருச்செந்தூர்ல பாத்தாச்சுல்ல. புதுசா அங்கன என்ன இருக்கப் போவுது? நீங்களும் புள்ளையும் போயிட்டு வாங்க."

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பி.எஸ்சி. கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நேரம் அது. அதுவரை நான் போயிருந்த அதிகபட்ச தூரம் கொடைக்கானல். கப்பலைப் பற்றி இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். அப்படித் தேடியபோதுதான் பயணத் தடுப்பூசிகளின் பட்டியல் ஒன்று கண்ணில் பட்டது. மஞ்சள் காய்ச்சல், டைபாய்டு, காமாலை, வெறிநாய்க்கடி என்று நீண்டுகொண்டே போனது. அப்படியே பிரின்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "இம்புட்டு ஊசியும் போட்டா ஒடம்பு சல்லடையாப் போயிருமே தாயி. கப்பல்ல தண்ணி குடிச்சா ஒழுகுமே!"

கேலி செய்தாலும், விருதுநகரில் ஒரு டாக்டரைப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

இந்தப் பயணத்தில் எனக்கு இன்னொரு சந்தோஷமும் இருந்தது. விருதுநகர் ஏஜென்ட் ஒருவரின் மனைவியும் வருவதாக இருந்தார். கம்பெனிக் கூட்டத்தில் பார்த்துப் பழகியதுதான், அதற்குள் அக்கா என்று ஒட்டிக்கொண்டேன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டாகியிருந்தார், அப்போது ஐந்தாம் மாதம். பயணம் போகலாம் என்று அவருடைய டாக்டரே சொல்லிவிட்டாராம். தினமும் சாயங்காலம் போன் செய்துவிடுவார்.

"ஏ புள்ள, சேலை எடுத்து வைக்கவா, சுடிதாரா? காத்துல என் சேலை விரிஞ்சா அந்தக் கப்பலுக்கு இஞ்சினே வேண்டாம், பாத்துக்க!"

டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, பயணம் நல்லபடியாக அமைய வேண்டும் என்று அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டியிருந்ததால், ஒரு வேனில் எல்லோரும் போய்வந்தோம். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் சித்தி குடும்பமும் வந்தது. திரும்பி வரும்போது சித்தி மகன், ஏழு வயதுப் பயல், என் மடியில் தலை வைத்துத் தூங்கினான். உடம்பு சுட்டது. வெயிலில் அலைந்த சூடு என்று நினைத்தேன். மறுநாள் அவன் முகத்திலும் முதுகிலும் முத்து முத்தாகக் கொப்புளம். சித்தி வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள்.

அன்றே அம்மா சொன்னார். "அம்மா வந்திருக்கா. தண்ணி ஊத்துற வரைக்கும் நாமளும் தூரந்தொலை போகக் கூடாது."

"அது சித்தி வீடும்மா. நம்ம வீடா?"

"மடியில வச்சிருந்தவ நீதான?"

நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. என் கவலையெல்லாம் மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் ஆப்பிரிக்கக் கொசுக்களைப் பற்றி.

அடுத்த வாரம் அப்பாவும் நானும் விருதுநகர் போனோம். டாக்டருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். என் பட்டியலைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாதியைப் பேனாவால் அடித்தார். மஞ்சள் காய்ச்சல் ஊசி நீங்கள் போகும் பக்கத்துக்குத் தேவையில்லை, டைபாய்டுக்கும் காமாலைக்கும் போட்டுக்கொண்டால் நல்லது என்றார். பிறகு போகிற போக்கில் கேட்பதுபோல, "அம்மை வந்திருக்கா உங்களுக்கு?" என்றார்.

"எனக்கு வந்ததில்லை சார். சித்தி பையனுக்குத்தான் போன வாரம் வந்துச்சு. என் மடியிலதான் படுத்திருந்தான்."

பேனாவை மூடிவிட்டார். என்றைக்கு, எவ்வளவு நேரம் என்று விசாரித்தார். "மறுநாளே வந்திருந்தீங்கன்னா அம்மைக்கான ஊசியைப் போட்டுத் தடுத்துப் பாத்திருக்கலாம். இவ்வளவு நாள் கழிச்சுப் போட்டா நான் நம்பிக்கையாச் சொல்ல முடியாது. ஒட்டியிருந்தா, மூணு வாரத்துக்குள்ள, சரியா நீங்க பயணத்துல இருக்குறப்பதான் வெளிய தெரியும். வராமலும் போகலாம்."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "வராமலும் போகலாம்ல சார்?"

"போகலாம். ஆனா கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்கு ஒட்டும். உங்களுக்கே தெரியாது. கூட வர்றவங்கள்ல மாசமா இருக்கறவங்க யாரும் உண்டா?"

நான் மேஜை மேலிருந்த என் பட்டியலை மடிக்க ஆரம்பித்தேன். அப்பாதான் சொன்னார். "ஒரு புள்ள இருக்கு சார். அஞ்சு மாசம்."

"அவங்களுக்கு ஏற்கெனவே வந்திருந்தா பயமில்லை. இல்லைன்னா தாய்க்கும் நல்லதில்லை, வயித்துல இருக்கற குழந்தைக்கும் நல்லதில்லை." போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். ஆமத்தூர் தாண்டும்வரை நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். எனக்கு ஒட்டாமல் இருக்கலாம். ஒட்டியிருந்தாலும் அக்காவை விட்டுத் தள்ளியே உட்காரலாம். அதையெல்லாம் விட, என்னைத் தவிர நம் ஊரில் அம்மை வராதவர் யார்? அக்காவுக்கும் சின்ன வயதில் வந்திருக்கும், நிச்சயம் வந்திருக்கும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் போன் செய்தேன். காரணத்தைச் சொல்லாமல், சித்தி பையன் கதையைச் சொல்லிவிட்டுச் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"எனக்கா?" என்று சிரித்தார். "எங்க வீட்டுல எல்லாத்துக்கும் வந்துச்சு. அண்ணன், தம்பி, ஒருத்தர் பாக்கியில்ல. ஒரே பாயில படுத்திருந்தேன், என்னைய மட்டும் அவ தொடவே இல்ல. எனக்கு அம்புட்டு அருளுன்னு எங்க அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாக!"

பிறகு பிள்ளைக்குச் சிங்கப்பூரில் என்னென்ன வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தார். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். ரிசீவரை வைத்தேன். அழுகை வந்தது, அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "நான் போகலப்பா" என்றேன். அப்பா என் தலையில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான்.

அடுத்த பிரச்சினை அம்மா. விசாவுக்குத் திங்கட்கிழமைதான் விண்ணப்பம் கொடுப்பதாக இருந்ததால் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று டிராவல்ஸ்காரர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே அம்மை வந்துபோனது, அம்மாவின் நெற்றியில் தழும்பே இருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டோம். இரண்டு பேரும் தாராளமாகப் போகலாம் என்றார்.

"நான் போயி அங்கன என்னத்தப் பண்ண?"

"என்னத்தயும் பண்ணாத. அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறாக" என்றார் அப்பா.

"சோறு யாரு ஆக்குறது?"

"கப்பல்ல ஆக்குவாகல்ல!"

"இங்கன யாரு ஆக்குறது? இவளுக்கு வெந்நி வைக்கத்தான் தெரியும்."

இரண்டு நாள் இந்தப் பேச்சு நடந்தது. கடைசியில் நான் சொன்னேன், "நீ போகலன்னா அப்பா தனியாத்தான் போவாரு. ஒரு டிக்கெட் வீணாப் போயிரும்." எது தாங்கினாலும் வீணாவதை அம்மாவால் தாங்க முடியாது. பெட்டியை எடுத்துவிட்டார். முதலில் உள்ளே போனது ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய்.

அவர்கள் கிளம்பிய பிறகு நான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று முகம், கழுத்து, கை எல்லாம் பார்த்தேன். ஒரு வியர்க்குரு வந்தால்கூட வெளிச்சத்துக்குப் போய் உற்று உற்றுப் பார்ப்பேன். சித்தி வீட்டில் அவர்கள் கிளம்பும் முன்பே தண்ணீர் ஊற்றியாகிவிட்டது, பயல் தெருவில் இறங்கிக் கிரிக்கெட் விளையாட ஆரம்பித்துவிட்டான். நான்தான் வீட்டுக்குள் அடைந்து கிடந்தேன். அம்மா சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு முறை பேசினார்.

"கப்பல்னு சொன்னாக, உள்ள போனா நம்மூரு பஜாரு மாதிரி இருக்கு. அந்த விருதுநகர்ப் புள்ள ஒண்ணும் எறங்கல, எறங்கலன்னு கெடந்துச்சு. நார்த்தங்காயும் தயிருஞ்சோறும் குடுத்தேன், நல்லாச் சாப்பிட்டுச்சு. ஒனக்கு ஒண்ணும் வரலைல?"

வரவில்லை. டாக்டர் சொன்ன கெடு முழுக்கத் தாண்டியும் எனக்கு ஒரு கொப்புளம்கூட வரவில்லை.

சித்தி இன்றைக்கும் விடுவதில்லை. "வராத அம்மைக்குப் பயந்து வந்த கப்பல விட்டவடி நீ!" என்பார். அம்மாவோ எங்கே யாரைப் பார்த்தாலும் கப்பலில் நீச்சல் குளம் இருந்த கதையை ஆரம்பித்துவிடுகிறார். சில சமயம் எனக்கும் உள்ளுக்குள் சுருக்கென்று இருக்கும். நான் போயிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அது இன்று தெரியும். அன்று தெரியாது. தெரியாத அன்றுதானே முடிவெடுக்க வேண்டியிருந்தது?

கெடு முடிந்ததும் நானே போய் அம்மைக்கான ஊசியைப் போட்டுக்கொண்டேன். அக்காவுக்குப் புரட்டாசியில் பெண் குழந்தை பிறந்தது. நான் ஏன் கப்பலுக்கு வரவில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறார். மாசமாக இருந்தவரைப் பயமுறுத்த வேண்டாமென்று அன்று வேலை கிடைத்துவிட்டதாக வீட்டில் எல்லோரும் மழுப்பினோம், அதையே இன்றுவரை சொல்லி வருகிறேன்.

குழந்தைக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது. அந்த ஊசி போடும் வயது அதுதான் என்று டாக்டரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் போகிறேன். நடந்ததையெல்லாம் முதல் முறையாக அக்காவிடம் சொல்லப் போகிறேன். குழந்தைக்கும், அடுத்த பிள்ளை உண்டாவதற்கு முன்னால் அவருக்கும் ஊசி போடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். "என்னைய அவ தொடவே மாட்டா" என்று அவர் சிரிப்பார், அது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். அவர் சம்மதிக்கும்வரை அங்கிருந்து எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவர்கள் இருவருக்காகவும் ஒரு கடலையே விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தவளுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருப்பது பெரிய விஷயமா என்ன?