புரட்டாசியில் விட்ட கெளுத்தி

சில வருடங்களுக்கு முன், அன்று ஏதோ பெரிய புண்ணியம் செய்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். எங்கள் மலையூரான ரிங்லெட் மார்க்கெட்டில் உயிரோடு வாங்கிய ஆப்பிரிக்கக் கெளுத்திகள் நான்கு குளியலறை வாளியில் கிடந்தன. காலையில் சமைக்கலாம் என்றிருந்தேன். மனைவி கத்தியைத் தொட மறுத்துவிட்டாள்.

"புரட்டாசி பொறந்தாச்சு, காலண்டர பாக்குறதே இல்லையா? கொல்லவும் கூடாது, வீட்டுல வச்சுக்கவும் கூடாது. ஆத்துல விட்டுட்டு வாங்க."

நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, தேயிலைச் சரிவின் அடியில் ஓடும் ஆற்றில் விட்டேன். கும்பிட்டுவிட்டு வேறு வந்தேன். மடையன்.

அதே ஆற்றில்தான் ஞாயிறுதோறும் நானும் என் கூட்டாளியும் தூண்டில் போடுவோம். தேயிலை ஆலையில் என்னோடு வேலை செய்பவன். தெளிந்த தண்ணீரில் திரியும் தெங்காஸ் மீன் என்றால் அவனுக்கு உயிர். பெண்டாட்டி பிள்ளைகளைவிட அதன்மேல்தான் பாசம் என்று கேலி செய்வோம். இரண்டு வருடத்தில் தெங்காஸ் குறைந்தது. அதன் குஞ்சுகளைத் தின்று கெளுத்தி பெருகத் தொடங்கியது. மாட்டியதையெல்லாம் அவன் கல்லில் வைத்து அடித்துக் கொன்றான்.

"எந்த நாசமாப் போனவன் கொண்டாந்து விட்டானோ, தெரியலலா!"

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குப் பயமாக இருந்தது. போன வருடம் ஒரு தெங்காஸ்கூடக் கிடைக்கவில்லை. மழை விட்டதும் தேயிலைக் காட்டு வடிகாலில் கெளுத்திகள் நெளிந்து மேலே ஏறுவதாகக் கொழுந்து பறிப்பவர்கள் சொன்னார்கள்.

புரட்டாசியில் எங்கள் ஆட்கள் தூண்டிலைத் தொடமாட்டார்கள். அந்த மாதம் முழுக்க ஆறு கெளுத்திக்குத்தான். இந்த வருடம் முதல் சனிக்கிழமையே கூட்டாளி தூண்டிலோடு வாசலில் வந்து நின்றான்.

"வெரதம் நமக்குத்தான்லா. அதுக்கு இல்ல."

ஆற்றங்கரையில் அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் தூண்டிலில் புழுவைக் கோத்து வீசினான். கொஞ்ச நேரத்தில் அவன் தூண்டில் வளைந்தது. கை நீளக் கெளுத்தி ஒன்றை இழுத்து என் காலடியில் போட்டான். கல்லை எடுத்து நீட்டினான்.

"நீ விட்டது. நீயே அடி."

பிறந்ததிலிருந்து புரட்டாசியில் ஓர் உயிரைக் கொன்றதில்லை. அடித்தேன். அவன் மீனின் வயிற்றைக் கீறினான். உள்ளே முட்டைப்பை. பாதி ஏற்கெனவே ஆற்றில் இட்டுக் காலியாக இருந்தது.