வானத்திலிருந்து அடித்த ஃப்ளாஷ்

டி.வி.யில் மேகப் படம் வந்தால் இன்றும் எனக்குத் தலை வாரிக்கொள்ளத் தோன்றும். காரணம் சொன்னால் சிரிப்பீர்கள், பிள்ளைகளே.

பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் தெருவுக்கே சித்தப்பா வீட்டில்தான் அப்போது டி.வி. இருந்தது. ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு, செயற்கைக்கோள் அப்போதுதான் எடுத்த படம் என்று செய்தியில் காட்டினார்கள். எனக்கு ஒரு சந்தேகம்.

"சித்தப்பா, இருட்டுல எப்பிடி போட்டோ எடுக்குறாங்க?"

அவருக்குத் தெரியாத சங்கதி உலகத்தில் கிடையாது. "கல்யாண வூட்ல இருட்டுனா இன்னா பண்றான்? ஃப்ளாஷ் அடிக்கிறான்ல? வானத்துலேர்ந்து பளிச்சுனு வெட்டுதே, அது இன்னான்னு நெனச்ச?"

நம்பிவிட்டேன். அன்று முதல் மின்னல் வெட்டினால் தலை வாரிக்கொண்டு, வானத்தைப் பார்த்துச் சிரிப்பேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். கடலுக்குப் போன நைனா விளக்கு வைத்தும் திரும்பவில்லை. செய்தியில் மேகப் படம் வந்தது. எங்கள் கரைக்கு மேலே ஒரே வெள்ளை.

"அம்மா, நம்ம ஊரு எவ்ளோ பளிச்சுனு வந்துகீது பாரு!" என்று கைதட்டினேன்.

அம்மா டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினாள். சித்தப்பாவும் ஓடினார். நான் சீப்போடு பின்னால் ஓடினேன்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. மின்னல் வெட்டும் அந்த நொடியில்தான் படகைத் தேட முடியும். வெட்டியது, ஒன்றும் இல்லை. மறுபடி வெட்டியது, அப்போதும் இல்லை. அம்மா அழ ஆரம்பித்தாள்.

"அழாதம்மா. நைனாவ போட்டோ எடுத்துனு கீறாங்க" என்றேன். சித்தப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த மின்னலில் எங்கள் படகு தெரிந்தது.

நடுங்கிக்கொண்டே இறங்கிய நைனா, "சீப்பு இன்னாத்துக்குடா?" என்றார்.

"நீயும் வாரிக்கோ நைனா. இன்னும் எடுக்குறாங்க."

ஒன்றும் புரியாமலே வாங்கி வாரிக்கொண்டார்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் ஒரு வாத்தியார் விளக்கினார். பகலில் சூரிய வெளிச்சத்தில் ஒரு படம் எடுப்பார்களாம். இருட்டில் அகச்சிவப்புக் கதிரில் எடுப்பது வேறு. அதற்கு ஃப்ளாஷ் வேண்டாம். கடலும் மேகமும் விடுகிற வெப்பமே போதும். கண்ணுக்குத் தெரியாத நீராவியைப் பார்க்கக்கூட இன்னொரு அலைவரிசை உண்டாம். அகச்சிவப்புப் படத்தில் வெதுவெதுப்பான கடல் கறுப்பாக இருக்கும். உயர எழும்பிக் குளிர்ந்துபோன மழைமேகம்தான் பளீரென்று வெள்ளையாக வரும்.

நான் கைதட்டிய அந்த வெள்ளைக்கு அடியில்தான் அப்போது நைனா இருந்தார்.