பதினோரு நாட்களும் கஸ்தூரி அக்காவும்

போன செவ்வாய்க்கிழமை காலை யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் போனில் உங்க வீட்டுக்காரர் கூப்பிடுறார் என்று ஆயா வந்து சொன்னார். என் கணவர் ரவி பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போன் செய்கிறவர் அல்ல. ரிசீவரைக் காதில் வைத்ததும், "சுமதி, கஸ்தூரி அக்கா செத்துட்டாங்களாம்" என்றார். யார் சொன்னது, ஒழுங்காக விசாரித்தீர்களா, எவனாவது உளறியிருப்பான் என்று வழக்கம்போல அவரைத்தான் திட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடை ஷட்டரைத் தூக்குறப்போ நெஞ்சைப் புடிச்சிக்கினு உட்கார்ந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்" என்றார். நான் வகுப்புக்குத் திரும்பிப் போய், விட்ட இடத்திலிருந்து பெயர்களைப் படித்தேன். மீதிப் பெயர்களை எப்படிப் படித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

தாம்பரம் தாலுகா ஆபீஸ் பக்கம் ஒரு முறையாவது அலைந்தவர்களுக்கு அக்காவைத் தெரியாமல் இருக்காது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு எஸ்.டி.டி. பூத், உட்கார இரண்டு ஸ்டூல், அவ்வளவுதான் கடை. பட்டா மனு எழுத வந்தால் காசு கறாராக வாங்குவார். பேரம் பேசினால், "வேற கடை கீது, போ" என்று சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொள்வார். குழந்தையின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று வந்தால் மட்டும் ஜெராக்ஸுக்குக்கூட வாங்கமாட்டார். ஏன் அக்கா என்று ஒரு முறை கேட்டேன். "வாங்கினா எழுத கை வரமாட்டேங்குது, இன்னா பண்ண சொல்ற?" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வராது.

நாங்கள் அவரிடம் போனது சுனாமிக்கு முந்தின வருடம். எங்கள் மகன் நவீனுக்கு அப்போது நாலு வயது. இதயத்தில் ஓட்டை, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த எஸ்டிமேட் கடிதத்தை, பம்மலில் எங்கள் வீடு வந்து சேரும்வரை நானும் ரவியும் பஸ்ஸில் மாறி மாறிப் படித்தோம். ரவி தோல் கையுறை தைக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். தைத்த ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. நான் அனகாபுத்தூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். இரண்டு பேரும் ஐந்து வருடம் சாப்பிடாமல் இருந்தாலும் அந்தத் தொகை சேராது. அரசாங்க நிவாரண நிதிக்கு எழுதிப் போடுங்கள் என்று நர்ஸ் ஒருவர் சொன்னார். டீச்சர் என்கிற கர்வத்தில் நானே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். கண்ணீர் மல்க, தங்கள் பொற்பாதம் பணிந்து, எங்கள் குலவிளக்கு என்றெல்லாம் அதில் இருந்தது.

ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தபோது அக்கா அதை நின்றபடியே படித்தார். படித்துவிட்டு பேனாவை எடுத்து மூன்று பக்கத்துக்கு மேல் அடித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவ" என்றேன்.

"தமிழ் நல்லாத்தான் கீது டீச்சர். ஆனா இதுல புள்ளைக்கு இன்னா நோவுன்னு கடைசி பக்கத்துலதான வருது? அதுக்குள்ள அந்த ஆபீசர் டீ குடிக்கப் போயிடுவாரு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எங்கம்மா கோவளம் பக்கத்துலேர்ந்து மீன் கூடையத் தூக்கிக்கினு தெருத்தெருவா வருவா. வாங்கிக்கோம்மா வாங்கிக்கோம்மான்னு கெஞ்சமாட்டா. மீனைக் காட்டுவா, வெலய சொல்லுவா, நிப்பா. நீயும் நோவ சொல்லு, செலவ சொல்லு, வருமானத்த சொல்லு. சொல்லிட்டு நில்லு. போதும்" என்றார். அரைப் பக்கத்தில் மனு முடிந்தது. கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ரவி வருமானச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தால் மனுவோடு கொடுத்துவிடலாம் என்றார் அக்கா.

இங்கேதான் எங்கள் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். எங்கள் கல்யாணம் பேசும்போது தான் பட்டறையில் சூப்பர்வைசர் என்றும், இவ்வளவு சம்பளம் என்றும் என் அண்ணன் தனசேகரிடம் ஒரு தொகையைச் சொல்லியிருந்தார். அந்தச் சம்பளத்தை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை. வருமானச் சான்றிதழ் வாங்கப் போன அன்று, துணைக்கு வருகிறேன் என்று அண்ணனும் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். கிராம நிர்வாக அலுவலர் "மாசம் எவ்வளவுப்பா வருது?" என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மச்சான் நிற்கிறார். இவர் கல்யாணத்துக்குச் சொன்ன அதே தொகையை, ஏழு வருடம் கழித்து ஒரு சம்பள உயர்வும் சேர்த்துச் சொல்லிவிட்டார். அலுவலர் அப்படியே எழுதி முத்திரை குத்திவிட்டார்.

மனுவை ஆபீசில் வாங்கவில்லை. இந்த வருமானத்துக்கு உதவி கிடையாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடை வாசலிலேயே நான் ரவியைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதமுடியாது. அக்கா மட்டும் அவரைத் திட்டவில்லை. "சரி, சரி. தப்பா சொல்லிட்டேன், சரியானது இதுன்னு ஒரு மனு குடுத்தா மாத்திக் குடுப்பாங்க. தெரிஞ்சவங்க ரெண்டு பேரு சாட்சிக் கையெழுத்து போடணும்" என்றார். பட்டறை முதலாளி ஒரு கையெழுத்துப் போடுவார் என்று ரவி சொன்னார். "இன்னொண்ணு உம் மச்சானைப் போடச் சொல்லு" என்றார் அக்கா.

"மச்சான் வேணாங்க்கா. வேற யாரையாவது போட்டுக்கலாம்."

"வேற யாரும் வேணாம். அவரு எதுர்ல சொன்னதுதான இவ்ளோ பேஜாரா போச்சு?"

அண்ணன் மறுநாள் சாயங்காலம் வந்தார். அக்கா மனுவை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டார். ரவி ரோட்டைப் பார்த்தபடி நின்றார். அண்ணன் முழுவதும் படித்தார். உண்மையான வருமானம் எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, "இதுதானே மாப்ள?" என்றார். ரவி தலையாட்டினார். "எனக்குத் தெரியும் மாப்ள. கல்யாணத்துக்கு முன்னாடியே பட்டறையில வந்து விசாரிச்சேன். நல்ல பையன்னு சொன்னாங்க, அது போதும்னுதான் குடுத்தேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ரவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆனாலும் அலுவலர் லீவு, முத்திரை இல்லை, நாளைக்கு வா என்று சான்றிதழ் கைக்கு வரப் பதினோரு நாள் ஆகிவிட்டது. அந்தப் பதினோரு நாளுக்குள் நவீனுக்குக் காய்ச்சல் வந்து நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. நிதி கிடைத்தது. அக்கா எழுதிய அரைப் பக்கத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை, பணம் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்தது. மீதிக்கு என் வளையல்களும் அண்ணன் சேர்த்து வைத்திருந்ததும் போயின. காய்ச்சல் விட்ட பிறகு ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் நவீன் இறந்துபோனான்.

கணக்குத் தீர்க்கும் கவுன்ட்டரில் அன்றைக்கு நின்றவர் அக்காதான். எங்களால் நிற்க முடியவில்லை. எந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது, எங்கே கையெழுத்து வாங்குவது என்று மாடிக்கும் கீழுக்குமாக அவரே ஓடினார். எனக்கு ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் செருப்பை எங்கேயோ விட்டிருந்தேன், அதைத் தேடிக்கொண்டு வந்து என் காலருகில் வைத்தார். ரவி அன்று அழவில்லை. சுவரைப் பார்த்து நின்றார். அதையும் அவர் கணக்கில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வீட்டில் நான் பேசியதெல்லாம் பதினோரு நாள்தான். சோறு போடும்போதும் பதினோரு நாள், துணி மடிக்கும்போதும் பதினோரு நாள். உங்க கௌரவத்துக்கு எம் புள்ளையக் குடுத்துட்டீங்க என்றேன். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். இரண்டு மாதம் கழித்து ஊரப்பாக்கத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவது என்று பெட்டியைக் கட்டிவிட்டேன். அண்ணன் போய்ச் சொன்னாரோ என்னவோ, அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அக்கா வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர், நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த டாக்டரப் பார்த்து கேட்டுட்டேன். பதினோரு நாள் முன்னாடி செஞ்சிருந்தாலும் இதேதான் ஆயிருக்கும்னாரு. அந்தப் பதினோரு நாளால ஒண்ணும் ஆகல."

அக்கா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். மனுவில் ஒரு எழுத்து பொய்யாக எழுதமாட்டார். நான் நம்பினேன். பெட்டியைப் பிரித்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கடைக்குப் போக ஆரம்பித்தேன். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தேன், பிறகு மனு எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அக்கா தாராளமாக ஒத்துக்கொள்வார். சுனாமி வந்தபோது கோவளம் பக்கத்து அவர் ஊர்க்காரர்கள் ரேஷன் கார்டு போய், எல்லாம் போய் வந்து நின்றார்கள். மூன்று வாரம் காசு வாங்காமல் மெஷின் ஓடியது. ஒரு பெண், மகளுக்குச் சிறுநீரக வைத்தியத்துக்கு எழுத வந்தவள், கணவன் இறந்துவிட்டதாகப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாள். அக்காவுக்கு வந்ததே கோபம். "அவன் உசுரோட குத்துக்கல்லாட்டம் வெளிய நின்னுக்கினு கீறான், பேப்பர்ல சாவடிக்கிறியா நீ?" என்று கத்தினார். வெளியே நின்ற கணவன் பயந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, உள்ளது உள்ளபடி எழுதவைத்தார். அவளுக்கும் உதவி கிடைத்தது.

போன புதன்கிழமை அக்காவைத் தகனம் செய்தார்கள். மயானத்தில் எனக்குத் தெரிந்த முகங்கள் நிறைய இருந்தன. பெயர் மறந்துவிட்டது, நோய் மட்டும் ஞாபகம் இருந்தது. இதயம், சிறுநீரகம், தீக்காயம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை, தம்பி மகன்தான் கொள்ளி வைத்தான். நான் நன்றாக அழுதேன்.

திரும்பும்போது ரவியும் நானும் பம்மல் பஸ்ஸுக்காக நின்றோம். வெயில் அடித்தது. அவர் திடீரென்று, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் சுமதி" என்றார்.

"சொல்லுங்க."

"அக்கா நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போனாங்கல்ல, அடுத்த வாரம் நான் டாக்டரைப் போய்ப் பாத்தேன். நம்ம அக்கா வந்து கேட்டாங்களா சார்னு கேட்டேன். யாரும் வரலன்னாரு."

நான் பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பால நானே கேட்டுட்டேன். பதினோரு நாள் முன்னாடி பண்ணியிருந்தா பொழைச்சிருப்பானான்னு. உறுதியா சொல்ல முடியாதுப்பா, பொழைச்சிருக்கலாம்னாரு. நேரா கடைக்கு வந்து அக்காகிட்ட சொன்னேன். ஓடிக்கினு இருந்த மெஷினை நிறுத்திட்டாங்க. அப்பால, உனக்குத் தெரிஞ்சுபோச்சா, சரி, நீ தூக்கிக்கோ, அவளால புள்ள போனதையும் தூக்கிக்கினு இதையும் தூக்க முடியாதுன்னாங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஆறு வருடம், அத்தனை சனிக்கிழமை, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று அக்கா மேல் கோபம். அதற்குப் பிறகுதான் ரவியைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இந்த மனுஷன் இதை வைத்துக்கொண்டா என்னோடு ஆறு வருடம் சாப்பிட்டார், தூங்கினார், என் வாயில் விழுந்து எழுந்தார்? என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

"அக்கா கேட்டாங்க" என்றேன்.

"இல்ல சுமதி, டாக்டரே..."

"டாக்டருக்கு மறந்துபோயிருக்கும். அக்கா போய்க் கேட்டுட்டுத்தான் எங்கிட்ட சொன்னாங்க. அந்தப் பதினோரு நாளால ஒண்ணும் ஆகல."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு பஸ் ஸ்டாப்பில் அத்தனை பேர் முன்னால், நவீன் போன அன்றைக்கு அழாத அழுகையை வாய்விட்டு அழுதார். இரண்டு பஸ் போனது. நாங்கள் ஏறவில்லை.

அக்காவை அறிந்தவர்கள் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டிருப்பீர்கள். அவர் எழுதிக் கொடுத்த உண்மைகளால் பிழைத்த பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருக்கிறார்கள். எனக்கு அவர் சொன்ன அந்த ஒரு பொய் இருக்கிறது. ரவி இனி எத்தனை தடவை கேட்டாலும் அதை நான் சொல்வேன்.