எழுதாமல் விட்ட பத்தி

படைப்பெழுத்துப் பட்டய வகுப்பில் சேர்ந்தபோது நாங்கள் பதினான்கு பேர். தீபாவளி முடிந்து திரும்பியபோது ஆறு பேர்தான் மிச்சம். திருச்சியில் ஒரு கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில் சனி, ஞாயிறு மதியங்களில் வகுப்பு நடக்கும். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வாரநாட்களில் தனியார் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். கதை எழுதுகிறவளாக ஆகிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

எங்கள் ஆசிரியர் மாதம் ஒரு புதுப் புத்தகத்தைக் கொடுத்து மதிப்புரை எழுதிவரச் சொல்வார். "இப்ப எழுதறவங்களப் படிக்காம நீங்க எழுதி என்னங்க ஆகப்போவுது?" என்பார். என் கதைகளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் வேலை செய்யுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மதிப்புரைகளை நான் வாசிக்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். 'அனுபவம் கலையாகவில்லை', 'மொழி இன்னும் இறுகியிருக்கலாம்' என்றெல்லாம் சொல்ல நான் சீக்கிரமே பழகிக்கொண்டேன். அடுத்தவர் கதையில் எங்கே ஓட்டை என்று பார்த்தவுடன் தெரிந்தது. என் கதையில் எங்கே உயிர் இல்லை என்பது மட்டும் தெரியவேயில்லை.

அந்த ஆறு பேரில் ஒருவர் சமயபுரத்திலிருந்து வருவார். நாற்பது வயது இருக்கும். அங்கே ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை. அக்கா என்று கூப்பிடுவேன். மொட்டை போட வருகிறவர்களுக்கு அறைச் சாவி கொடுத்துவிட்டு, அடுத்த ஆள் வருவதற்குள் செல்பேசியில் நாலு வரி எழுதுவாராம். அப்படி எழுதிய பத்துக் கதைகள் மாசி மாதத்தில் ஒரு சின்னப் பதிப்பகம் வழியாகப் புத்தகமாக வந்தன. முதல் பிரதிகளில் ஒன்றை என் கையில் வைத்து, "படிச்சிட்டு உள்ளதச் சொல்லும்மா" என்றார். ஆசிரியர் உடனே, "நீங்களே எழுதிடுங்க. எனக்குத் தெரிஞ்ச பத்திரிகைக்கு அனுப்பலாம்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் படிக்க உட்கார்ந்தேன். முதல் ஐந்து கதைகள் சுமார்தான். பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். ஆறாவது கதையில் பென்சில் நின்றுவிட்டது.

லாட்ஜுக்கு ஒருவர் மாதம் ஒருமுறை வருகிறார். அரை நாளுக்கு எப்போதும் ஒரே அறையை எடுத்து, குளித்துவிட்டுத் தூங்குகிறார். கோயில் பக்கமே போகாமல் ஊர் திரும்புகிறார். மேசையில் இருக்கும் பெண் ஏன் என்று கேட்பதே இல்லை. ஒரு மாதம், வழக்கமாக வரும் நாளில் அவர் வரவில்லை. அன்று முழுக்க, கூட்டம் நெரிகிற நாளிலும், அந்த அறையை அவள் யாருக்கும் கொடுக்காமல் பூட்டியே வைத்திருக்கிறாள். மூன்றரைப் பக்கம், அவ்வளவுதான்.

மறுபடி படித்தேன். ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியவில்லை. இரண்டு வருடமாக நான் எழுத முயன்று வராமல் போனதை, இந்த அம்மா சாவிக்கொத்துக்கு நடுவே உட்கார்ந்து எழுதியிருந்தார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு மேற்கொண்டு படிக்கப் பிடிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போய்விட்டேன்.

மிச்சக் கதைகளையும் படித்து மதிப்புரையை மறுநாள் எழுதினேன். ஒன்பது கதைகளைப் பற்றி எழுதினேன். சொன்னதெல்லாம் உண்மைதான், பொய் என்று எதையும் யாரும் காட்ட முடியாது. ஆறாவது கதையைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதவில்லை. இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆசிரியர் படித்துவிட்டு, "நேர்மையான விமர்சனம்" என்று எல்லார் முன்னாலும் பாராட்டினார். அக்கா அன்று வரவில்லை.

பத்திரிகை வெளிவந்த பிறகும் மூன்று வாரம் அவர் வகுப்புக்கு வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். போன் செய்யப் பயமாக இருந்தது. பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு சமயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

பூச்சொரிதல் சமயம். லாட்ஜ் வாசலில் வேன்கள் நிறைந்து கிடந்தன. அக்கா என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாம்மா, சாப்பிட்டியா? திருவிழாவுல மூச்சு விட நேரமில்ல, அதான் கிளாசுக்கு வர முடியல" என்றார். பத்திரிகையை அவர் பார்த்திருக்கவே இல்லை. அப்படியே திரும்பியிருக்கலாம். நான் எடுத்து நீட்டினேன்.

நின்றபடியே படித்தார். நடுவில் இரண்டு குடும்பங்களுக்குச் சாவி கொடுத்துவிட்டு, விட்ட இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தார். முடித்ததும் மடித்து மேசையில் வைத்தார்.

"சரியாத்தாம்மா சொல்லியிருக்க. எனக்கே அங்கங்க இடிச்சுது" என்றார். கொஞ்சம் தயங்கி, "அந்த ரூம் கதையப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னு விட்டிருப்ப. நான் அத மட்டுந்தான் நல்லா வந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். கிறுக்குத்தனம்" என்று சிரித்தார்.

"அப்படியெல்லாம் இல்லக்கா" என்றேன். நல்ல கதை என்று சொன்னால், ஏன் எழுதவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதற்குள் ஒரு வேன் கூட்டம் உள்ளே வந்துவிட்டது. "போயிட்டு வரேங்க்கா" என்றேன். "பத்திரமா போம்மா" என்றார்.

அதன் பிறகு அவர் வகுப்புக்கு வரவேயில்லை. மூன்று மாதம் கழித்து அவருக்குச் செல்பேசியில் நீளமான செய்தி ஒன்று அனுப்பினேன். அந்தக் கதைதான் அந்த வருடம் நான் படித்ததிலேயே சிறந்தது, பொறாமையால்தான் அதை விட்டுவிட்டேன் என்று எதையும் மறைக்காமல் எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. "என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. உனக்கு நல்ல மனசும்மா. நான் எழுதறத விட்டுட்டேன், இப்ப நிம்மதியாத்தான் இருக்கேன்."

போன் செய்து திரும்பவும் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. அச்சில் வந்ததை நம்பியவர், நான் அழுதுகொண்டே சொன்னதை ஏன் நம்பப்போகிறார்? புத்தகத்துக்கு வேறு யாரும் மதிப்புரை எழுதவில்லை.

அடுத்த வருடம் ஆள் சேரவில்லை என்று அந்த வகுப்பை மூடிவிட்டார்கள். எனக்குக் கதை வரவில்லை. மதிப்புரை கேட்டு மட்டும் மாதம் நாலைந்து புத்தகங்கள் தபாலில் வருகின்றன. தயவு தாட்சண்யம் பார்க்காமல் எழுதுகிறவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.