வின்ச்சில் வடிந்த பால்

எங்கள் தெருவில் காஸ் சிலிண்டர் வந்தால் எல்லோரும்தான் எடைபோட்டுப் பார்க்கிறோம். கோபிநாத் அந்தத் தராசையும் இன்னொரு தராசில் வைத்து எடைபோடுவார். பெண் பார்க்கப் போன வீட்டில் தனக்கு வந்த காபியை வருங்கால மாமனாரிடம் நீட்டி, அவர் குடித்து முடித்து நல்லபடியாக ஏப்பம் விட்ட பிறகுதான் கமலவேணியை நிமிர்ந்து பார்த்தாராம். ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போனவர், பார்த்தது போக மிச்சமிருந்தால் திருப்பிக் கொடுக்கும்படி நர்ஸிடம் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அன்றோடு வேலையை விட்டுவிட்டுப் பாகாயத்தில் பூக்கடை போட்டுவிட்டாள். நம்பாதவர்கள் போய் விசாரிக்கலாம்.

குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்தில் பிறந்தவர். நூல் கொடுக்கிறவர் மேல் சந்தேகம் வந்து தறியை விட்டார். ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் டிரம் ஓட்டச் சேர்ந்தார். டிரம் என்றால் ஆள் உயரத்தைத் தாண்டிய மரப் பீப்பாய். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டால் நாளெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேலையில்தான் அவருக்குத் தலை நரைத்தது. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே பொருளும் அங்கேதான் கிடைத்தது. தோலைக் கடைசியில் மெத்தென்று ஆக்க ஓர் எண்ணெய் ஊற்றுவார்கள். தன் கையாலேயே ஊற்றி, தன் கையாலேயே தடவிப் பார்த்த எண்ணெய் என்பதால் அதன்மேல் அவருக்கு அப்படியொரு பக்தி. கதவு கிறீச்சிட்டாலும் அதுதான், கமலவேணிக்கு முழங்கால் வலித்தாலும் அதுதான். சட்டையெல்லாம் அந்த வாடை.

போன வருஷம் ஃபேக்டரிக்கு ஆர்டர் கம்மியாகி, பாதி வாரம் வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. கமலவேணியின் ஷூ கம்பெனிச் சம்பளத்தில் குடும்பம் ஓடியது. சும்மா உட்கார்ந்த கோபிநாத் தெருவில் போகிற நாய்களை எல்லாம் சந்தேகப்பட ஆரம்பித்ததால், கமலவேணியே தன் தம்பியிடம் சொல்லி அவருக்கு ஒரு பழைய ஜீப்பை வாங்க வைத்தாள். ஆம்பூருக்கு மேலே மலையில் மேல்நெல்லிக்குட்டை என்று ஒரு சிற்றூர். நடுவில் ஓர் ஓடை; ஓடையைத் தாண்டினால் செங்குத்தான செம்மண் ஏற்றம். மழைக்காலத்தில் சாதாரண வண்டி எதுவும் போகாது. அந்த ஊர்க்காரர் அன்பரசன் மாவு மில் வைக்கப் போகிறார். மில் மெஷினைச் சேதமில்லாமல் மேலே கொண்டுவந்து சேர்த்தால், மழைக்காலம் முழுக்க ஊருக்கான அரிசி, சிமெண்டு, சாமான் எல்லாம் கோபிநாத் வண்டியில்தான் என்று சொல்லிவிட்டார். சேர்க்காவிட்டால் முனிரத்தினத்தின் டிராக்டர் காத்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு நடையில்தான் கோபிநாத்தின் பிழைப்பே இருந்தது.

ஜீப்புக்கு முரட்டு டயர் போட்டார். ஸ்பிரிங் பட்டை கூட்டி வண்டியை உயர்த்தினார். மெக்கானிக் வேலை செய்யும்போது வண்டிக்கு அடியில் இவரும் படுத்துக்கொண்டார். மெக்கானிக்கின் மூச்சு இவர் மேல் பட்டதாம். அதுகூடப் பரவாயில்லை, இவர் பார்வை மெக்கானிக்கின் மேல் பட்டதில்தான் அந்த ஆளுக்கு ஜுரம் வந்தது. இனி வேண்டியது வின்ச். ஜீப்பின் மூக்கில் மாட்டுகிற மோட்டார் உருளை அது. அதில் சுற்றியிருக்கும் இரும்பு வடத்தை மேலே ஒரு மரத்தில் கட்டிவிட்டு சுவிட்சைப் போட்டால், வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஏறும். சுவிட்சிலிருந்து கையை எடுத்தால் உள்ளேயிருக்கும் பிரேக் பிடித்து, வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

பழைய மெஷின் சாமான் விற்கிற தன்சீல் அகமதுவிடம் துருப்பிடித்த வின்ச் ஒன்று இருந்தது. அவர் நியாயமான விலை சொன்னார். கோபிநாத்துக்கு உதறல் எடுத்தது. தன்சீல் டீயும் வாங்கிக் கொடுத்தார், உதறல் ஜாஸ்தியானது. எந்த விபத்தில் சிக்கியது, எந்த லாரியிலிருந்து கழற்றியது என்று தோண்டித் துருவிக் கேட்டார். கடைசியில் தன்சீல் உள்ளே போய் ஒரு டப்பா கிரீஸையும் எடுத்து வந்து நீட்டினார். "கோபிண்ணா, பிரிச்சிக் கழுவிட்டு இந்தக் கிரீஸை மட்டும் போடுங்க. காசு வாணாம். வேற எதுவும் போட்டுறாதீங்க."

இதைவிட ஒரு மனிதனைக் கலங்கடிக்க என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார். ஓசியில் கொடுக்கிறவன் எதையோ கலக்காமல் கொடுப்பானா, நாளைக்குக் கெட்டுப்போனால் மறுபடி அவன் கடைக்குத்தானே ஓட வேண்டும் என்று கமலவேணியிடம் கணக்குச் சொன்னார். அந்தக் கிரீஸை முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறாமலிருக்கத் தடவிவிட்டார். அந்த வருஷம் பூச்சியோடு அணிலும் வழுக்கி விழுந்தது.

வின்ச்சை மட்டும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலச் செய்தார். துருவைச் சுரண்டினார். மோட்டாரில் தேய்ந்த கார்பன் கட்டைகளை மாற்றினார். இரும்பு வடத்தைத் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்து, ஒவ்வொரு பிரியாகத் தடவிப் பார்த்தார். பிறகு பல்சக்கரங்கள் முங்கும்படி, ஃபேக்டரியில் கேட்டு வாங்கிவந்த தன் தோல் எண்ணெயை ஊற்றி மூடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மில் மெஷினைப் பின்னால் ஏற்றிக் கட்டி, வழித்துணைக்குக் கமலவேணியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். ஓடையில் தண்ணீர் பம்பருக்கு மேலே அடித்தது. வின்ச் முங்கி எழுந்தது. எதிர்க்கரையில் அன்பரசனும் ஊர்க்காரர்களும் நின்றார்கள். மேலே ஒரு பலாமரத்தில் தோல் பட்டையைச் சுற்றி வடத்தை மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் ஜீப் யானைக்குட்டி போல ஏறியது. ஏற்றத்தின் நடுவில் வடம் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்க்கக் கோபிநாத் கையை எடுத்தார்.

வண்டி நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவியது. மில் மெஷின் கயிற்றில் முனகியது. ஊர்க்காரர்கள் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்தினார்கள். அன்பரசன் குனிந்து பார்த்து, விரலால் காட்டினார். வின்ச்சின் அடியிலிருந்து பால் சொட்டிக்கொண்டிருந்தது. வெள்ளை வெளேரென்று, கறந்த பால்.

கோபிநாத்துக்கு இது ஒன்று போதாதா? முதலில் முனிரத்தினம் ஆள் வைத்து ஊற்றியதாகச் சொன்னார். அடுத்து மெக்கானிக்கைச் சொன்னார். கடைசியில் தன்சீல்தான் என்று முடிவுகட்டி, அன்பரசன் கேட்கும்படி போனில் கூப்பிட்டு, பால் ஊற்றி விற்றவன் உருப்படுவானா என்று கத்தினார். "நில்லுங்க, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு தன்சீல் போனை வைத்துவிட்டார்.

அன்பரசன் டிராக்டருக்குச் சொல்லிவிடலாமா என்று ஊர்க்காரர்களிடம் தணிந்த குரலில் பேச ஆரம்பித்தார். கமலவேணி மட்டும் வின்ச் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்தப் பாலில் விரலை வைத்து மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு தரமும் முகர்ந்தாள்.

"ஏங்க, இது உங்க சட்டை வாசனைங்க."

"இன்னா ஒளற்ற?"

"கல்யாணமான நாள்லருந்து தோய்க்கிறேன், எனக்குத் தெரியாதா? பக்கெட்ல முக்கனா தண்ணி இப்டிதான் வெள்ளையாவும்."

கோபிநாத் தன் சட்டைக் கையைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். தண்ணீரோடு கலந்து பாலாகித் தோலுக்குள் இறங்குவதற்கென்றே செய்த எண்ணெய் அது. டிரம்மில் ஊற்றும்போதெல்லாம் அது பாலாவதைப் பார்த்தே நரைத்தவர் அவர். ஓடைத் தண்ணீர் உள்ளே போனதும் அங்கேயும் அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது; பிரேக்கிலும் இறங்கி வழுக்கிவிட்டது.

அவள் சொன்னது அன்பரசன் காதில் விழவில்லை. கோபிநாத் நினைத்திருந்தால் பழியைத் தன்சீல் தலையிலேயே வைத்து, வேறு வின்ச் வாங்க ஒரு வாரம் கேட்டிருக்கலாம். அதற்குள் தன்சீல் ஓடைக்கு அந்தப் பக்கம் பைக்கை நிறுத்திவிட்டு, பேண்ட்டை மடித்துக்கொண்டு, தலைமேல் டூல்ஸ் பையோடு தண்ணீரில் இறங்கி வந்தார். வந்தவரிடம் அன்பரசன் நேராகவே கேட்டார்: இப்படிப்பட்ட சாமானை விற்கலாமா? தன்சீல் கோபிநாத்தைப் பார்த்தார்.

"பாய் மேல தப்பு இல்ல" என்றார் கோபிநாத். "நான்தான் ஊத்தனேன். ஃபேக்டரி எண்ணெய்."

"கிரீஸ் குடுத்தேனே?"

"முருங்க மரத்துக்குப் போட்டுட்டேன்."

"மரமாச்சும் என்னை நம்புச்சே" என்று சொல்லிவிட்டு, தன்சீல் ஸ்பானரை எடுத்துக் குந்தினார்.

பெட்ரோல் விட்டுக் கழுவி, பிரேக்கைத் துடைத்துக் காயவைத்து, கிரீஸ் அடைத்து மூட மத்தியானம் கடந்துவிட்டது. அந்த நேரம் முழுக்க கோபிநாத் எதையும் சந்தேகப்படாமல் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். இது மட்டும்தான் இந்தக் கதையில் நான் நம்பாத இடம். அப்புறம் சுவிட்சைப் போட்டார்கள். நடு ஏற்றத்தில் கையை எடுத்தபோது ஜீப் ஆணி அடித்தது போல நின்றது. மில் மெஷின் கீறலில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தது.

மழைக்கால லோடை அன்பரசன் கோபிநாத்துக்கே கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு நடையிலும் ஓடையைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி வின்ச்சின் மூடியைத் திறந்து காட்ட வேண்டும். ஊரில் யாராவது ஒருவர் விரல் விட்டு முகர்ந்து பார்த்த பிறகுதான் வடத்தைக் கட்டலாம். "உங்களை நம்பாம இல்லண்ணா, எதுக்கும் ஒரு தடவ பாத்துக்கறோம்" என்றார் அன்பரசன். வாழ்நாள் முழுக்கத் தான் ஊரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை தன் பக்கம் திரும்பி வந்ததில் கோபிநாத்துக்கு ரொம்பவும் பேஜார். ஆனாலும் லோடு லோடுதானே.

போன வாரம் ஒரு கிழவி விரலை விட்டு முகர்ந்தாளாம். அவள் கையைக் கழுவிவிட்டுத்தான் விரலை விட்டாளா என்று கோபிநாத் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.